ஊட்டியது யார்

ஜூன் 3, திங்கள்

டாக்டர் என்னைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நோட்டுப் போட வைத்துவிட்டார். என் மகள் நறுமுகைக்கு இரண்டே முக்கால் வயது. எடை பத்து கிலோ எண்ணூறு கிராம். "வயசுக்கு ரொம்பக் கம்மியா இருக்காளேம்மா. என்ன சாப்பிடறா, எவ்வளவு சாப்பிடறா, எந்நேரம்னு மூணையும் ஒரு மாசம் எழுதிட்டு வாங்க. ஹோட்டல்ல சாப்பிட்டாலும் விடாம எழுதுங்க" என்றார். உடனே பூபதி, "வாராவாரம் சனிக்கிழமை ஹோட்டல்தாங்க சார். இவளுக்கும் அடுப்படில இருந்து ஒரு நாள் லீவு வேணுமில்லீங்களா" என்று பெருமையாகச் சொன்னார். வீட்டுக்காரர் அப்படிப் பேசினால் யாருக்குத்தான் மறுக்கத் தோன்றும்? மற்ற நாட்களில் அடுப்படியில் நிற்பது பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருக்கும் மேனகாதான் என்பதை நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். டாக்டர் கேட்டது மூன்று கட்டம். நான் நாலாவதாக ஒன்று சேர்த்துக்கொண்டேன்: ஊட்டியது யார். சும்மா, ஒரு தகவலுக்காகத்தான்.

காலை, இட்லி ஒன்று, மேனகா. மதியம், பருப்புச் சாதம் ஆறு வாய், மேனகா. சாயங்காலம், வாழைப்பழம் பாதி, மேனகா. இரவு, பால், நான். பாலை அவளே குடித்துக்கொள்வாள். டம்ளரைப் பிடித்தது நான்.

ஜூன் 5, புதன்

நாலாவது கட்டத்தில் மேலிருந்து கீழே வரைக்கும் ஒரே பெயர். 'மே' என்று மட்டும் எழுத ஆரம்பித்திருக்கிறேன், கை வலிக்கிறது.

ஜூன் 8, சனி

திருச்சி ரோட்டில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஹோட்டல். பூபதிக்கு நெய் ரோஸ்ட், எனக்கு அடை அவியல், பாப்பாவுக்குச் சாம்பாரில் மிதக்கும் குட்டி இட்லி. சர்வர் பழனிச்சாமி அண்ணன் தண்ணீர் வைக்கும்போதே, "மூணு தட்டுங்களா, நாலுங்களா?" என்றார். அவர் புதுசு. பழைய சர்வருக்குக் கேட்காமலே தெரியும்.

"மூணு" என்றேன். நாங்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. மேனகா முதலில் பாப்பாவுக்கு ஊட்ட வேண்டும், ஊட்டிக்கொண்டே தான் எப்படிச் சாப்பிடுவாள்? அவளுக்கு எப்போதும் ஒரு பார்சல் வாங்கிக் கொடுத்துவிடுவோம். அவளே, "நான் பஸ்ல போயித் தின்னுக்கறேனுங்க்கா" என்றுதான் சொல்வாள். சனிக்கிழமை ஹோட்டல் முடிந்ததும் அவளைக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவோம். அங்கிருந்து அன்னூர் போய் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இருந்துவிட்டுத் திங்கள் விடியற்காலையில் வந்துவிடுவாள். மற்ற நாளெல்லாம் எங்கள் வீட்டோடுதான். இப்படி ஒன்றரை வருஷமாகிறது.

இன்று நான் ஊட்டிப் பார்த்தேன். முதல் இட்லியைத் துப்பினாள். இரண்டாவதைக் கையால் தட்டிவிட்டாள், அது பூபதியின் சட்டைப் பையில் விழுந்தது. மேனகா ஸ்பூனை வாங்கி, "சாமி, ஆ காட்டு" என்றாள். ஒன்பது இட்லி. ஒன்பது! ஹோட்டலின் மீன் தொட்டியைக்கூட எட்டிப் பார்க்காமல் சாப்பிட்டாள்.

பழனிச்சாமி அண்ணன் மேனகாவைப் பார்த்து, "உங்க பாப்பா ரொம்பச் சமத்துங்க. நம்ம ஹோட்டலுக்கு வர்ற கொழந்தைகள்ல இப்பிடி ஒண்ணப் பாத்ததில்ல" என்றார். மேனகா பதறிப்போய், "அய்யோ, அக்கா பாப்பாங்க" என்று என்னைக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சட்னி கொண்டுவரப் போய்விட்டார். அடை ரப்பர் மாதிரி இருந்தது. பூபதி நன்றாகத்தான் இருக்கிறது என்று என்னுடையதையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

மேனகா ஊரில். நாள் முழுக்க பிஸ்கெட் மூன்று, பால் இரண்டு தடவை. 'நான்' என்று எழுத ஒரு கட்டம்கூடச் சரியாக அமையவில்லை.

ஜூன் 15, சனி

மேனகாவை மத்தியானமே ஊருக்கு அனுப்பிவிட்டேன். "ஏனுங்க்கா, இன்னிக்கு ஓட்டலுக்குப் போகலீங்களா?" என்று கேட்டாள். போகவில்லை என்று பொய் சொன்னேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவ்வளவு அவசரமா எங்கள் வீட்டைவிட்டு ஓட?

சாயங்காலம் நாங்கள் மூன்று பேர் மட்டும், அப்பா, அம்மா, பிள்ளை என்று விளம்பரத்தில் வருகிற மாதிரி கிளம்பினோம். நான் நீலச் சுடிதார் போட்டேன். அதற்கே கண் பட்டுவிட்டது.

கோன் தோசையைத் தொப்பி என்று அவள் தலையில் வைத்தேன், சூடு என்று அலறினாள். சாம்பார்க் கிண்ணத்தைத் தட்டினாள், அது பக்கத்து மேசை அம்மாவின் பட்டுச்சேலைவரை போனது. நாற்காலியிலிருந்து வழுக்கி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, "மேனா எங்க? மேனா எங்க?" என்று கூப்பாடு போட்டாள். நான் மேசைக்கு அடியில் தலையை விட்டு, ஒரு கையில் தோசையோடு கெஞ்சினேன். அந்தப் பட்டுச்சேலை அம்மா, "மேனா யாருங்க, பாப்பாவோட அம்மாவா?" என்று கேட்டார்.

பூபதி கொஞ்சம் தோசையோடு அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் பஸ் காட்டப் போனார். நான் தனியாக உட்கார்ந்து மூன்று தட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். காரில் ஏறியதும், "மேனகாவக் கூட்டிட்டு வந்திருக்கலாம் பிருந்தா" என்றார்.

தோசை, கால். ஊட்டியது, ரோடு.

ஜூன் 17, திங்கள்

இன்று ஆபீஸுக்குப் பத்து மணிக்குப் போனால் போதும் என்று சொல்லிவிட்டு, மேனகா ஊட்டுவதை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என் வீட்டிலேயே எனக்கு இந்த நிலைமை.

அவளிடம் வித்தை எதுவும் இல்லை. ஒரு கதைதான் சொல்கிறாள். "கனியக்கா இன்னிக்கு என்ன பண்ணுனா தெரியுமா? பூரிய இப்பிடி ஒரு குத்துக் குத்தி, பொஸ்ஸுன்னு காத்த உட்டுப்போட்டு, அதுக்குள்ளாற கெழங்க ஒளிச்சு வெச்சாளாம். ஆ காட்டு. அப்பறம் அவங்க பெரீம்மா கெழங்கெங்கடின்னு தேடுனாங்களாம்." பாப்பா வாயைப் பிளந்தபடி, "அப்பறம்? கனியக்கா?" என்கிறாள். அந்த வாயில் இட்லி போய்விடுகிறது.

பிறகு, "கனி யாரு?" என்று கேட்டேன்.

"என்ற புள்ளைங்க்கா. கனிஷ்கா. அக்கா ஊட்டுலதான் இருக்கறா. இந்த வருசம் ஒண்ணாப்பு."

மேனகாவுக்கு ஒரு குழந்தை இருப்பது தெரியும். வேலைக்கு வந்த அன்றே சொன்னாள். பெயர் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை. என் மகளுக்கு அந்தப் பெயர் தெரிகிறது, அவளுக்குப் பூரி பிடிக்கும், நாய் என்றால் பயம், முன்பல் விழுந்துவிட்டது என்பது வரைக்கும் தெரிகிறது. எனக்குத் தெரியாமல் என் மகளுக்கு அன்னூரில் ஒரு அக்கா இருக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது, அதை எழுதுவதில் என்ன வெட்கம்?

ஜூன் 18, செவ்வாய்

நானும் கனி கதை சொன்னேன். கனி விமானத்தில் போனாள், சிங்கப்பூரில் ஐஸ்கிரீம் சாப்பிட்டாள் என்று பிரமாதமாக விட்டேன். "அது கனியக்கா இல்ல" என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஜூன் 23, ஞாயிறு

பூபதியின் ஆபீஸ் நண்பர்கள் நாலு குடும்பம் சேர்ந்து சரவணம்பட்டியில் ஒரு புது ஹோட்டலில் பஃபே. எல்லோரும் குழந்தைகளோடு வருவார்கள். போன வாரத்துக் கூத்தை அத்தனை பேர் முன்னால் நடத்த எனக்குத் தெம்பு இல்லை. காலையில் மேனகாவுக்குப் போன் செய்தேன்.

"இன்னிக்குங்களாக்கா? நேத்துத்தானுங்க வந்தேன். கனிய மேட்டுப்பாளையம் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேனுங்க..."

"ரெண்டு மணி நேரந்தான் மேனகா. உடனே அனுப்பிடறேன்."

போனில் அவளுக்குப் பின்னால் ஏதோ பிள்ளை அழுதது. "சேரிங்க்கா" என்றாள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் பஸ் பிடித்து வந்துவிட்டாள். இந்த மாதத்தில் இது ஒரு தடவைதான். போன மாதம் மூன்று தடவை.

அங்கே மற்ற பெண்கள் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு ஓட, நான் மட்டும் சூப்பை ஆறவிடாமல் குடித்தேன். பூபதியின் நண்பர் ஒருவரின் மனைவி கீர்த்தனா, "உங்களுக்கு யோகம்ப்பா. இந்த மாதிரி ஒரு ஆளு எங்க கெடைக்குது?" என்றாள். பெருமையாகத்தான் இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல நாளாகவே முடிந்திருக்கும். அவள் குனிந்து பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளி, "உங்க அம்மா எங்க, காட்டு பாப்போம்?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

பாப்பா யோசிக்கவே இல்லை. விரலை நீட்டி மேனகாவைக் காட்டினாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பூபதியும் சிரித்தார். நானும் சிரித்தேன், எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சிரித்தேன். மேனகா மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா அங்க இருக்காங்க சாமி, அம்மா அங்க" என்று அவள் விரலைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள். என் பிள்ளையின் விரலை அவள் என் பக்கம் திருப்பிவிடுகிறாள்.

சாப்பிட்டது எதுவும் எழுதப் போவதில்லை.

ஜூன் 24, திங்கள்

மேனகாவை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டேன். பாப்பாவை ப்ளே ஸ்கூலில் சேர்க்கப் போகிறோம் என்றேன். அதில் பாதி உண்மை, விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன்.

"நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"நேத்து பாப்பா காட்டுனது... அது கொழந்தைங்க்கா. அதுக்கு என்ன தெரியும்?"

இவளுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்றுதான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். பாப்பாவின் சின்னத் தட்டைக் கழுவி, கவிழ்த்துவைத்து, இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு போனாள். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

ஆபீஸில் இரண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனி நாலாவது கட்டத்தில் என் பெயர் மட்டும்தான்.

ஜூன் 26, புதன்

இட்லி கால், நான். சாதம் இரண்டு வாய், நான். துப்பியது மூன்று வாய், நான்.

ஜூன் 29, சனி

ஹோட்டலுக்குப் போகலாமா என்று பூபதி கேட்டார். முறைத்தேன். அவரே தோசை ஊற்றினார், எனக்கு.

ஜூலை 1, திங்கள்

இதை எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்தேன். மறுபடியும் எழுதுகிறேன். காலையில் பாப்பா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மேனா எப்ப வரும்?" என்று நூறாவது தடவையாகக் கேட்டாள். நான், "வர மாட்டா. அவளுக்கு உன்னப் புடிக்கலையாம்" என்று சொன்னேன்.

பாப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "மேனாக்குப் பாப்பா புடிக்கும்" என்றாள், எனக்கு எதுவும் தெரியாது என்கிற மாதிரி. திரும்பவும் வாசலைப் பார்த்து நின்றுகொண்டாள்.

ஜூலை 4, வியாழன்

எடை பத்தரை கிலோ. முந்நூறு கிராம் போய்விட்டது. டாக்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றார். "இந்த நாலாவது கட்டம் நான் கேக்கலையே?"

"சும்மா எழுதினேன் டாக்டர்."

"நல்லதாப் போச்சு. ஆள் மாறின அன்னைக்கேதான் சாப்பாடும் கொறஞ்சிருக்கு. அந்தம்மா எங்க?"

பூபதி, "ஊருக்குப் போயிருக்காங்க டாக்டர்" என்றார். என்னைக் காப்பாற்றுகிறாராம். நானே கோடு போட்டு நானே எழுதிய நோட்டு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஜூலை 6, சனி

மேனகாவுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "பாப்பா சாப்புடறாளுங்களா?" என்றாள். அவள் அதைக் கேட்டிருக்கக் கூடாது. திரும்ப வருகிறாயா என்று கேட்க வந்ததை மறந்து, "நல்லா சாப்பிடறா" என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்குக் கனிக்குப் பிறந்தநாளாம். "நாம போவமல்லீங்க, திருச்சி ரோட்டு ஓட்டல், அங்கதான் போகோணுமுன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. 'நீ அந்தப் பாப்பாவுக்கு ஊட்டுற ஓட்டலுக்கு என்னைய ஒரு நாளு கூட்டிட்டுப் போ'ங்கறா. மத்தியானம் கூட்டிட்டு வாரேனுங்க."

வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நாளை மத்தியானம் நாங்களும் அங்கே போனால் என்ன? ஹோட்டல் எல்லோருக்கும் பொதுதானே. பாப்பா ஒரு வேளையாவது வயிறாரச் சாப்பிடட்டும்.

ஜூலை 7, ஞாயிறு

பன்னிரண்டரைக்குப் போனோம். பூபதியிடம் எதுவும் சொல்லவில்லை.

மீன் தொட்டிப் பக்கத்து மேசையில் இரண்டு பேர். மேனகா மாம்பழ நிறத்தில் ஒரு சேலை கட்டியிருந்தாள். முன்னால் தட்டு இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஒன்றரை வருஷத்தில் அவள் மெல்லுவதை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எதிரில் ரெட்டை ஜடையும் புது கவுனுமாகக் கனி. மேனகா சொன்ன மாதிரியே பூரியைக் குத்திக் காற்றை விட்டுக்கொண்டிருந்தாள். பழனிச்சாமி அண்ணன், இரண்டாவது தடவை கிழங்கு வைத்துவிட்டு அவள் தலையைத் தடவிக்கொண்டு போனார்.

"மேனா!" என்று நறுமுகை என் கையை உதறிவிட்டு ஓடினாள்.

மேனகா எழுந்துவிட்டாள். எச்சில் கையை ஒதுக்கி, இடது கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "என் சாமி, எளச்சுப் போச்சே!" கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. கையைக் கழுவிவிட்டு வந்து, பழக்கத்தில் குழந்தை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்து, பூரியைப் பிய்த்து ஊதி, "ஆ காட்டு" என்றாள். என் மகள் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நான் நின்றபடியே எண்ணினேன். பிள்ளை சாப்பிடுகிறாள் என்று வயிறு குளிர்ந்தது, யார் கையால் என்று அதே வயிறு எரிந்தது.

அப்போதுதான் கனியைப் பார்த்தேன். அவள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். தன் அம்மாவின் கை போகிற இடத்தையும் என் மகளின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்ததும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"அம்மா, எனக்கும்."

"நீ பெரிய புள்ளயல்ல கண்ணு, நீயே தின்னு. பாப்பா பாவம், எளச்சுக் கெடக்குது."

கனி பூரியைத் தட்டில் போட்டாள். மேனகாவின் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். நறுமுகையைப் பார்த்து, சத்தம் போடாமல், ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள்: "இது எங்கம்மா. உங்கம்மா அங்க நிக்கறாங்க பாரு."

"கனி!" என்று மேனகா அதட்டினாள். கனி முழங்கையை விடவில்லை.

என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. இரண்டு கையையும் என் பக்கம் நீட்டி, "அம்மா" என்று அழுதாள். தூக்கிக்கொண்டு பக்கத்து மேசைக்கு ஓடினேன். பூபதி எதையோ சொல்ல வாயெடுத்தார், கையால் தடுத்துவிட்டேன். பூரி வந்தது. ஒரு விள்ளலை ஊதி நீட்டினேன். கண்ணீரும் சளியுமாக வாங்கிக்கொண்டாள். இன்னொன்று. இன்னொன்று. ஒரு முழுப் பூரி, என் கையால், இத்தனை பேர் முன்னால். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பழனிச்சாமி அண்ணன் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை தண்ணீர் கேட்டேன்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் லீவு இன்றோடு முடிகிறது. நாளைக் காலை ஒன்பதரைக்கு நான் ஆபீஸில் இருக்க வேண்டும்.

பாப்பாவுக்குக் கை கழுவிவிட்டு வரும்போது அவர்கள் மேசையருகில் நின்றேன். மேனகா கனிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"மேனகா, நாளைக்கு வந்துர்றியா?"

அவள் நிமிரவில்லை. "ப்ளே ஸ்கூலுன்னீங்களேக்கா."

"அது அப்புறம் பாத்துக்கலாம்."

பூரியைப் பிய்த்தாள். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். "வாரேனுங்க்கா" என்றாள்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நானும் ஏதாவது நல்லது செய்ய வேண்டும் போல இருந்தது. குனிந்து கனியிடம், "கனிக்குட்டி, இனிமே ஞாயித்துக்கிழமை உங்க அம்மாவக் கூப்பிடவே மாட்டேன். ஞாயித்துக்கிழமை முழுக்க உனக்குத்தான். சந்தோஷமா?" என்றேன்.

கனி என்னை விட்டுவிட்டுத் தன் அம்மாவைத்தான் கேட்டாள். "அப்ப மத்த நாளெல்லாம்?"

மேனகா கையிலிருந்த விள்ளலை அவள் வாயில் வைத்தாள். கனி அதை மெல்லவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, என் இடுப்பில் இருந்த நறுமுகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.